ஞானசுந்தரி டீச்சர் போட்ட சாய்வுக்கோடுகள்

மார்கழி மாதத்தில் எங்கள் தெருவில் வெயில் ஏறும் வரை யாரும் கோலத்தை மிதிக்க மாட்டார்கள். பால்காரர்கூட ஓரமாகச் சுற்றித்தான் வருவார். அன்று காலை எங்கள் வீட்டுக் கோலத்துக்கு அப்பால் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். உள்ளே வரவும் இல்லை, கூப்பிடவும் இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து அரையாண்டு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்த நான் தற்செயலாக நிமிர்ந்தபோது, அது ஞானசுந்தரி டீச்சரின் தம்பி சாமுவேல் என்று தெரிந்தது. கும்மிடிப்பூண்டிப் பக்கத்திலிருந்து அந்த நேரத்துக்குத் திருவள்ளூர் வந்து சேர வேண்டுமானால் முதல் பஸ்ஸைப் பிடித்து, எங்கள் பக்கத்துச் சின்ன ஆரணியில் மாறியிருக்க வேண்டும். அதை நினைத்த உடனேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"அக்கா பூட்ச்சி டீச்சர்," என்றார் சாமுவேல். "நேத்து பொழுது சாயச்சொல்ல. கஞ்சி குடிச்சிட்டு செவுத்துல சாஞ்சிக்கினு இருந்திச்சி. நைனா கூப்ட்டுப் பாத்தாரு, பேசல. உங்களுக்குச் சொல்லிட்டு வாடான்னு அவருதான் அனுப்பினாரு."

உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். அவர் வரவில்லை. அம்மா கொண்டுவந்த தண்ணீரைத் தெருவில் நின்றபடியே குடித்துவிட்டுச் செம்பைக் கோலத்துக்கு வெளியே ஓரமாக வைத்தார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு அவரோடு கிளம்பிவிட்டேன். கோலத்தின் நடுவிலேயே நடந்து போனேன் என்று அம்மா பிறகு சொன்னார். எனக்கு நினைவில்லை.

ஞானசுந்தரி அவர்களை அறிந்தவர்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்ல வேண்டியது அதிகமில்லை. நீலக் கரை போட்ட வெள்ளைப் புடவை, உரக்கப் பேசாத குரல், மாடிப்படியின் பாதியில் நின்று ஜன்னல் வழியாக வெளியே எதையோ ரசித்துப் பார்க்கும் வழக்கம். புதிதாக வந்த ஆசிரியைகள் அவரை ஒரு கனவுக்காரர் என்று நினைத்துக்கொள்வார்கள். அவர் எதையும் ரசிக்கவில்லை, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். சிறு வயதில் மூட்டு வலியோடு வந்த ஒரு காய்ச்சல் அவர் இருதயத்தைக் கெடுத்துவிட்டுப் போயிருந்தது. படி ஏறக் கூடாது என்று சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறவர் படி ஏறாமல் எப்படி இருப்பது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். அவருடைய தந்தை ஏசடியான், பிறர் நிலத்தில் நாற்று நட்டும் அறுத்தும் பிழைத்தவர். தாயார் சீக்கிரமே போய்விட்டார். மகளை மிஷன் விடுதியில் சேர்த்துவிட்டார்கள். அங்கே கணக்கை விருப்பப் பாடமாகக் கேட்டது அவர் ஒருவர்தானாம். "எனக்கு ஒருத்திக்காக ஒரு மிஸ் வருஷம் முழுக்க க்ளாஸ் எடுத்தாங்க டீச்சர். காலி பெஞ்சுங்க நடுவுல நான் மட்டும் குந்தினு இருப்பேன்," என்று சொல்லிச் சிரிப்பார். இன்டர்மீடியட் முடித்து, பயிற்சியும் முடித்து, எங்கள் பெண்கள் பள்ளிக்கு வந்தார். எனக்கும் அவருக்கும் ஒரே வயது, ஒரே படிப்பு, ஒரே சம்பளம். ஒருவரையொருவர் கடைசிவரை "டீச்சர்" என்றேதான் அழைத்துக்கொண்டோம்.

நம் எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்குக்கு இரண்டு வாசல்கள் உண்டு. ஜெனரல் மாத்ஸ் ஒன்று, காம்போசிட் மாத்ஸ் ஒன்று. இரண்டாவது வாசல் வழியாகப் போனவர்களுக்குத்தான் காலேஜில் கணக்கும் விஞ்ஞானமும். எங்கள் பள்ளியில் முதல் வாசல் மட்டுமே திறந்திருந்தது. பையன்கள் பள்ளியில் இரண்டும் உண்டு. இதைப் பற்றி ஆசிரியைகள் கூட்டத்தில் பேச்சை எடுத்தவர், கூட்டங்களில் வாயே திறக்காத ஞானசுந்தரி டீச்சர்தான்.

நிர்வாகி அன்று நல்ல மனநிலையில் இருந்தார். "பொம்பளப் புள்ளைங்களுக்கு எதுக்கும்மா அம்மாங் கணக்கு? தையல் மிஷின் வாங்கிப் போட்டிருக்கேன், அதக் கத்துக் குடுங்க," என்றார். தலைமை ஆசிரியை நியாயமானவர். "பி.ஏ.வில் கணக்கு பாஸ் பண்ணின டீச்சர் ஒருத்தர் நம்ம பள்ளியில் இருந்தால் நான் க்ளாஸ் கேட்டு இலாகாவுக்கு எழுதலாம். ரெண்டு வருஷம் அதற்காக ஒரு பீரியடைக் காலியாக வைக்கிறேன். அதற்குள் யாரும் வரவில்லை என்றால் தையலுக்குக் கொடுத்துவிடுவேன்," என்றார்.

அறையை விட்டு வெளியே வந்தோம். எனக்கு நிர்வாகி மேல் வந்த கோபத்தில் காது சுட்டது. ஞானசுந்தரி டீச்சர் படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "இன்னா டீச்சர், நாம ரெண்டு பேரு இருக்கோமே. ஒருத்தர் பாஸ் பண்ணா போதுமாமே," என்றார். ஆசிரியர்கள் வேலையில் இருந்துகொண்டே பரீட்சை எழுத அனுமதி இருந்தது. எனக்கு அப்படி ஓர் எண்ணமே வந்ததில்லை என்பதை இங்கே எழுதிவிட வேண்டும். ஆரம்பித்தவர் அவர்.

சனிக்கிழமை மதியங்களில் கீழ்த்தளத்தில், எஸ்.எஸ்.எல்.சி.க்கு முந்தைய வகுப்பான ஐந்தாம் பாரத்து அறையில் படித்தோம். ஏன் வீட்டில் படிக்கவில்லை என்று கேட்பவர்கள் இந்தப் பக்கத்தவர்களாக இருக்க மாட்டார்கள். எங்கள் முதலியார் தெருவில் அவர் எந்த வீட்டுக் கூடத்திலும் உட்கார்ந்ததில்லை. யாரும் விரட்டியதில்லை, யாரும் அழைத்ததும் இல்லை. இப்போது காலம் மாறிவிட்டது என்று மேடையில் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. இறந்த பிறகு ஒருவரைப் புகழ்வது சுலபம். உட்காரச் சொல்வதுதான் கஷ்டமாக இருந்திருக்கிறது.

மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகக் கடையில் நான் வாங்கி வந்த ஒரு கணக்குப் புத்தகம்தான் எங்களுக்கு வாத்தியார். அதில் டிஃபரன்ஷியல் ஈக்குவேஷன் என்ற பாடம் எங்களை உண்டு இல்லை என்று பண்ணிவிட்டது. கணக்குப் படிக்காதவர்களுக்கும் விளங்கும்படி சொல்கிறேன். ஒரு தாளில் ஒரு வளைகோடு ஓடுகிறது. அது எங்கே ஓடுகிறது என்று நமக்குச் சொல்ல மாட்டார்கள். இந்தப் புள்ளிக்கு வந்தால் இவ்வளவு சாய்ந்திருக்கும், அந்தப் புள்ளிக்கு வந்தால் அவ்வளவு சாய்ந்திருக்கும் என்று சாய்வை மட்டும் சொல்வார்கள். சாய்வை வைத்துக்கொண்டு கோட்டைக் கண்டுபிடிக்க வேண்டும்.

எனக்குச் சூத்திரம் நன்றாக வரும். எந்த வகை ஈக்குவேஷனுக்கு எந்த வழி என்று பாராமல் சொல்வேன். ஒரு சனிக்கிழமை, சாய்வு என்பது எக்ஸ் கழித்தல் ஒய் என்றிருந்த ஒரு கணக்கைப் போர்டில் மளமளவென்று போட்டு, விடையின் கீழ் இரண்டு கோடும் இழுத்துவிட்டேன். ஞானசுந்தரி டீச்சர் கொஞ்ச நேரம் அதையே பார்த்தார்.

"விடை சரிதான் டீச்சர். இது பாக்கறதுக்கு எப்படி இருக்கும்?"

"எப்படி இருந்தால் என்ன? மார்க் வரும்," என்றேன்.

"பசங்க கேப்பாங்களே."

எந்தப் பசங்க என்று நான் கேட்கவில்லை. இன்னும் இல்லாத ஒரு வகுப்பில் இன்னும் சேராத பெண்கள் அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய கவலையில்தான் அவர் அந்த இரண்டு வருஷமும் படித்தார்.

நான் அநாவசியம் என்று தாண்டி வந்திருந்த ஒரு பக்கத்தை அவர் புரட்டிக் காட்டினார். அதில் ஒரு படம், பக்கம் முழுவதும் சின்னச் சின்னக் கீற்றுகள். அச்சில் மை சிதறிவிட்டது என்றுதான் நான் நினைத்திருந்தேன். "நட்ட அன்னிக்கு நாத்து இப்டிதான் கண்ட பக்கம் சாஞ்சிக்கினு கெடக்கும்," என்றார் அவர். பிறகு போர்டில் வரிசையாகப் புள்ளி வைக்க ஆரம்பித்தார்.

வலப்பக்கம் எத்தனை புள்ளி தள்ளி இருக்கிறோமோ அது எக்ஸ். மேலே எத்தனை புள்ளி ஏறியிருக்கிறோமோ அது ஒய். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வருவது அந்த இடத்துச் சாய்வு. ஒன்று தள்ளி ஒன்று ஏறிய புள்ளியில் சாய்வு பூஜ்யம், அங்கே படுத்த கோடு. அதற்கு ஒன்று கீழே சாய்வு ஒன்று, அங்கே பாதி நிமிர்ந்த கோடு. இன்னும் கீழே போகப் போகக் கோடு செங்குத்தாக ஏறுகிறது. மேல்பக்கத்துப் புள்ளிகளிலோ எல்லாம் கீழ்நோக்கிச் சரிகின்றன. ஒவ்வொரு புள்ளியிலும் விரல் நகத்தளவு ஒரு கோடு, அதற்கு மேல் இல்லை. நான் பொறுமை இழந்து ஒரு கோட்டைப் போர்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு இழுத்தபோது டஸ்டரால் அழித்துவிட்டார். "அந்தப் புள்ளிக்குத் தெரிஞ்சத மட்டும் அது சொல்லட்டும் டீச்சர். பக்கத்துப் புள்ளி பேச்ச இது ஏன் பேசணும்?"

போர்டு நிரம்பியதும் இரண்டு பேரும் பின்பெஞ்சுக்குப் போய் நின்று பார்த்தோம். ஒரு வரிசையில் மட்டும் கீற்றுகள் ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு ஒரே நேர்கோடாக ஓடின. மற்றவை எல்லாம், மேலே இருப்பவை இறங்கியும் கீழே இருப்பவை ஏறியும், அந்த நேர்கோட்டை நோக்கியே திரும்பியிருந்தன. நான் சூத்திரத்தில் கண்டுபிடித்துக் கீழே இரண்டு கோடு இழுத்த விடை அதுதான். அன்றுவரை அதை நான் பார்த்ததே இல்லை.

இனி வளைகோட்டை வரைவது என் வேலை என்று சாக்பீஸை வாங்கிக்கொண்டேன். மேலே ஒரு புள்ளியில் ஆரம்பித்து இறக்கினேன், அடியில் திருப்பினேன். அதற்குப் பிறகு என் கை என் பேச்சைக் கேட்கவில்லை. ஒரு புள்ளியைச் சுற்றி வளைந்தது, அடுத்த புள்ளிக்கு உள்பக்கமாகப் புகுந்தது, போட்ட கோட்டையே ஒரு முறை வெட்டியது, ஆரம்பித்த இடத்துக்கே வந்து மூடிக்கொண்டது. ஞானசுந்தரி டீச்சர் பெஞ்சில் உட்கார்ந்து, மூச்சு இரைக்க இரைக்கச் சிரித்தார்.

"இது மார்கழி மாசம் இல்ல டீச்சர்."

எங்கள் வீட்டில் நடக்கப் பழகிய பெண்கள் அடுத்துப் பழகுவது புள்ளிக் கோலம். புள்ளியைக் கண்டால் சுற்று, கோட்டைத் திறந்து விடாதே, எடுத்த இடத்தில் கொண்டுவந்து சேர் என்று கை பழகிவிட்டது. விடுதியில் வளர்ந்த அவருக்கு அந்தப் பழக்கம் இல்லை. வாரக்கணக்கில் எனக்கு இந்தத் தொல்லை இருந்தது. கண் அசந்தால் கோடு கோலமாகிவிடும். ஒரு தடவை அவர் சற்றுக் கண்டிப்பாகவே சொன்னார். "ஒரு புள்ளியில ஒரு சாய்வுதான். கோடு கோட்ட வெட்டிச்சின்னா அந்த எடத்துல ரெண்டு நாக்கு பேசுதுன்னு ஆய்டும். வெட்டவும் கூடாது, தொடவும் கூடாது. கிட்ட கிட்ட போவலாம், அவ்ளோதான்."

பிறகொரு கணக்கில் நாங்கள் மாட்டிக்கொண்டோம். அங்கே சாய்வு என்பது எக்ஸின் வர்க்கமும் ஒய்யின் வர்க்கமும் கூட்டியது. பார்க்க எளிதாக இருக்கிறதே என்று ஆரம்பித்தேன். எனக்குத் தெரிந்த எல்லா வழியும் அதில் தோற்றன. அடுத்த சனிக்கிழமையும் தோற்றன. ஆத்திரத்தில் சாக்பீஸை ஜன்னலுக்கு வெளியே எறிந்துவிட்டேன். அவர் இன்னொரு சாக்பீஸை எடுத்துப் புள்ளி வைத்தார். நடுப்புள்ளியைச் சுற்றி ஒரு வட்டம், அந்த வட்டத்தில் இருப்பவை எல்லாம் ஒரே சாய்வு. அடுத்த வட்டம் பெரியது, அங்கே இன்னும் செங்குத்து. மெதுவாகப் போட்டு முடித்தார். விடை தெரியாத அந்தக் கோடு எங்கே தவழும், எங்கே எழும்பும் என்று போர்டில் தெளிவாகத் தெரிந்தது.

"விடை வரலன்னா இன்னா டீச்சர்? வழி தெரியுதே," என்றார். பிறகு படத்தை ஒரு முறை மேலிருந்து கீழ் வரை பார்த்துவிட்டு, "எங்க நின்னாலும் ஏத்தமாவே கீது. எனக்குத் தோதுப்படாத ஊரு," என்றார்.

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார்.

பரீட்சை சென்னையில். தினமும் திருவள்ளூரிலிருந்து ரயில். முதல் சில நாட்கள் கீழ்த்தள ஹாலில் எழுதினோம். டிஃபரன்ஷியல் ஈக்குவேஷன் தாள் வந்த அன்று ரயில் வேப்பம்பட்டுக்கும் திருநின்றவூருக்கும் இடையில் கைகாட்டிக்காக நின்றது நின்றதுதான். ஓடிப்போய்ச் சேர்ந்தால், ஹாலை இரண்டாம் மாடிக்கு மாற்றிவிட்டார்கள். மணி அடித்தாகிவிட்டது. அரை மணிக்கு மேல் தாமதித்தால் உள்ளே விட மாட்டார்கள்.

முதல் மாடித் திருப்பத்தில் அவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். உதடு நீலம் பாரித்திருந்தது. நான் அவருடைய பையை வாங்கிக்கொண்டேன். தோளில் சாய்த்துக்கொண்டு இரண்டு படி ஏறினேன். அவர் என் கையை எடுத்துவிட்டார்.

"நீங்க போங்க டீச்சர்."

"உங்களை இப்படி விட்டுட்டா? நான் போகலை."

"ரெண்டு பேரும் வெளிய நின்னா தையல் மிஷினுக்குதான் லாபம்." பேச்சுக்கு நடுவே மூச்சைத் தேடி நின்றார். "ஒருத்தர் பாஸ் பண்ணா போதும்னுதான ஆரம்பிச்சோம். உங்களுக்குக் காலு ஓடுது. போங்க. பசங்க நிக்கிறாங்க."

நான் போனேன். அழுதுகொண்டே போய் எழுதினேன். போனதற்காக என்னை நானே நொந்துகொண்டதில்லை, இன்றும் நொந்துகொள்ளவில்லை. அவர் போட்ட கணக்கு சரியான கணக்கு. அந்தக் கணக்கில் கழிபட்டவர் அவராக இருந்தாரே என்பதுதான் என்னால் தாங்க முடியாதது. எங்களை அந்தப் படிக்கட்டில் கொண்டுபோய் நிறுத்தியவர்கள் யாருக்கும் அன்று மூச்சு வாங்கவில்லை.

மாலை ரயிலில் அவர் என்னிடமிருந்து வினாத்தாளை வாங்கிப் படித்தார். அவர் எழுத முடியாமல் போன தாளில் எங்களுடைய அதே எக்ஸ் கழித்தல் ஒய் இருந்தது, படம் வரைந்து காட்டவும் கேட்டிருந்தார்கள். என் முகத்தைக் கூர்ந்து பார்த்தார்.

"நேர்கோட்ட தொட்டுட்டீங்களா?"

"தொடல டீச்சர்."

"வளைச்சிக் கொண்டாந்து மூடிட்டீங்களா?"

"இல்ல. திறந்துதான் விட்டேன்."

"அப்ப பாஸ்," என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டார். திருவள்ளூர் வரும் வரை திறக்கவில்லை.

நான் பாஸ் செய்தேன். ஜூன் மாதம் காம்போசிட் மாத்ஸ் வகுப்பு திறந்தது. சேர்ந்தவர்கள் ஒரே பெஞ்சில் அடங்கிவிட்டார்கள். முதல் நாள் சாக்பீஸை நான் அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "க்ளாஸு உங்க பேருல கீது. இன்ஸ்பெக்டர் வந்து கேட்டா தலைமை டீச்சருக்குதான் பேஜாரு," என்று சொல்லி வராந்தாவிலேயே நின்றார். அவருக்கு அந்தப் பீரியடில் தையல் மேற்பார்வை. மிஷின்களின் சத்தம் எங்கள் வகுப்பு வரை கேட்கும். மணி அடித்ததும் என் மாணவிகள் நேரே படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் இடத்துக்கு ஓடுவார்கள். அவர் மூச்சுக்காக உட்காரும் இடம் அது. நான் அவசரத்தில் சொல்லிவிட்டு வந்ததை அவர் அங்கே நிதானமாக இன்னொரு முறை சொல்வார். அந்தப் பெண்கள் கணக்கு கற்றது அங்கேதான் என்று நான் சத்தியம் செய்வேன்.

அவர் பரீட்சையை மறுபடி எழுதப் பணம் கட்டியிருந்தார். ஐப்பசி மழையில் கால் வீங்கத் தொடங்கியது. படிக்கட்டுக்கு அடியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே சிரமப்பட்டார். தந்தை வந்து ஊருக்கு அழைத்துப் போனார். பஸ் நிலையத்துக்கு நான் வழியனுப்பப் போயிருந்தேன். ஜன்னல் கம்பிக்குப் பின்னாலிருந்து அவர், "மூச்சு கொஞ்சம் அடங்கட்டும் டீச்சர், வந்து பரீட்சைய எழுதிட்றேன். அது வரைக்கும் பசங்கள தையலுக்கு அனுப்பிடாதீங்க," என்றார். அதுதான் அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது.

சாமுவேலும் நானும் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். சவுக்குத் தோப்பை ஒட்டிய சிறிய வீடு. கிறிஸ்துமஸுக்குக் கட்டிய காகித நட்சத்திரம் கூரையில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே அவர் படுத்திருந்தார். நீலக் கரைப் புடவைதான் கட்டியிருந்தார்கள். முகத்தில் அந்த இரைப்பு இல்லை. அவரை நான் அறிந்த நாளாய் முதல் முறையாக அவர் மூச்சுக்காக எங்கும் நிற்கவில்லை.

பெட்டி செய்து முடிய நேரமாகும் என்றார்கள். நான் வெளியே வந்து வாசல் மணலில் அவர் தந்தையின் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஏசடியான் தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"டீச்சரம்மா, எம் பொண்ணு அந்த சனிக்கெழமைங்கள்ல எல்லாம் இன்னாதான் படிச்சிச்சி? ஊட்டுக்கு வர்றப்ப எல்லாம் கோடு போட்டேன் நைனா, கோடு போட்டேன்னு சொல்லும். எனக்குப் புரியாதுன்னு நானும் கேக்கல."

வாயால் சொல்லிப் பார்த்தேன். கீழே கிடந்த ஒரு சவுக்குக் குச்சியை எடுத்து, பெருக்கி வைத்திருந்த மணலில் புள்ளி வைக்க ஆரம்பித்தேன். வரிசை வரிசையாக வைத்தேன். இரண்டாவது வரிசை முடிவதற்குள் அழுதுகொண்டிருந்த பெண்களில் ஒருவர் எழுந்து வந்துவிட்டார்.

"இன்னாம்மா இது? சாவு ஊட்டு வாசல்ல கோலம் போட்றீங்க?"

எனக்குக் கை நின்றுவிட்டது. எங்கள் வீட்டிலும் இழவு விழுந்தால் வாசலில் புள்ளி வைக்க மாட்டோம். அது எனக்குத் தெரியாததில்லை. பதில் சொன்னவர் ஏசடியான்.

"அது கோலமில்ல. எம் பொண்ணு படிச்ச கணக்கு. போடட்டும் வுடு."

போட்டேன். ஒவ்வொரு புள்ளியிலும் விரல் நகத்தளவு ஒரு கோடு, எக்ஸ் கழித்தல் ஒய். படுத்தவை, சரிந்தவை, ஏறுபவை, ஒன்றன் வாலை ஒன்று பிடித்து ஓடும் அந்த நேர்கோடு. அழ வந்திருந்தவர்கள் சுற்றி நின்றார்கள். கடைசியாக, நேர்கோட்டுக்கு வெகு கீழே, எல்லாவற்றையும் விடத் தள்ளி இருந்த ஒரு புள்ளியில் குச்சியை ஊன்றினேன். அங்கிருந்து வளைகோட்டை இழுத்தேன்.

"ஏத்தமா போவுதே," என்றார் அவர்.

"ஆமாங்க. கிளம்பற இடத்தில் ரொம்ப ஏத்தம்."

அவர் கண் குச்சியோடு போயிற்று. கோடு ஏறி ஏறி, நேர்கோட்டை நெருங்கி, அதன் பக்கத்தில் ஒட்டாமல் ஓடத் தொடங்கியது.

"போயி சேந்துச்சா டீச்சரம்மா?"

"கிட்ட போயிட்டாங்க," என்றேன். "தொடல."

அவர் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். என் கை அந்த இடத்தில் பழைய தொல்லையைத் தொடங்கியது. கோட்டை வளைத்துத் திருப்பு, எடுத்த இடத்தில் கொண்டுவந்து சேர், மூடிவிடு என்று விரல்கள் துடித்தன. மூடிவிட்டால் மனம் ஆறிவிடும் போலத்தான் இருந்தது. நான் மூடவில்லை. குச்சி போன திசையிலேயே இழுத்துக்கொண்டு போய், வாசல் முடிந்து பாதை ஆரம்பிக்கும் இடத்தில் கோட்டைத் திறந்தே விட்டுவிட்டு எழுந்தேன்.

சற்று நேரத்தில் பெட்டியைத் தூக்கி வந்தார்கள். முன்னால் பிடித்திருந்தவர்களில் சாமுவேலும் ஒருவர். காலையில் எங்கள் வீட்டுக் கோலத்துக்கு வெளியே நின்ற அதே கால்கள், வாசலில் ஒரு கணம் தயங்கி, ஒதுங்கி, புள்ளிகளின் ஓரமாகச் சுற்றி நடந்தன. பின்னால் வந்தவர்களும் அப்படியே சுற்றிப் போனார்கள். ஒரு கீற்றுகூட அழியவில்லை.

டீச்சர், விடுமுறை முடிந்து பள்ளி திறந்தாகிவிட்டது. பசங்களைத் தையலுக்கு அனுப்பவில்லை. படிக்கட்டுக்கு அடியில் இப்போது நான் உட்காருகிறேன், அவசரப்படாமல் சொல்லப் பழகிக்கொண்டிருக்கிறேன். போய் வாருங்கள். வகுப்பு நடக்கிறது.